கணப்பின் முன்தரைக்கு எந்த டைல்ஸ், எந்தப் பசை?

குன்னூரில் 27 வருடமாகக் கொத்து வேலையும் டைல்ஸ் வேலையும் எடுத்துச் செய்கிறேன். என் அப்பா பேக்கரி அடுப்பு கட்டுகிறவர். இந்த மலையில் வர்க்கி சுடும் விறகு அடுப்புகள் பலவற்றுக்குத் தளம் போட்டிருக்கிறார். தீக்குப் பக்கத்தில் எந்தக் கல் நிற்கும், எது நிற்காது என்பதை அவரோடு சித்தாளாகப் போன நாட்களில்தான் கற்றுக்கொண்டேன்.

போன இதழில் மழைக்காலம் முடிந்ததும் வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியபோது, கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ், பற்றி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை முழுவதும் அதற்கே.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே கல் பங்களா கட்டிய காலத்திலிருந்து ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பங்களாக்களில் கணப்பு உண்டு. கொடைக்கானலிலும் அப்படித்தான். இப்போது புதிதாகக் கட்டும் தங்கும் விடுதிகளிலும் விருந்தினருக்காக வைக்கிறார்கள்.

கேள்விகளுக்குப் போகும் முன் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். விறகு நேராக எரியும் கூட்டின் அடித்தளம் 'உள்தரை'. கூட்டுக்கு வெளியே, அறைக்குள் நீண்டிருக்கும் பகுதி 'முன்தரை'. தணல் துண்டு தெறித்து விழுவது முன்தரையில். உள்தரைக்கு ஒரு சாமான், முன்தரைக்கு வேறு சாமான். வந்த கடிதங்களில் இருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவைதான்.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி: "எங்கள் விடுதியில் ஃபயர்பிளேஸ் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டோம். ஆறாவது நாளே உள்ளே இரண்டு டைல்ஸ் பட்டென்று வெடித்துவிட்டன. டைல்ஸை 1,200 டிகிரியில் சுடுகிறார்கள் என்று கடையில் சொன்னார்களே, விறகுத் தீ அதைவிட அதிகமா ஐயா?"

இல்லை அம்மா, விறகுத் தீ அதைவிட அதிகமில்லை. கடையில் சொன்னதும் உண்மைதான். விட்ரிஃபைட் டைல்ஸ் 1,200 டிகிரி அளவில் சுடப்படுவதுதான். ஆனால் சூளைக்குள் அந்த டைல்ஸ் எப்படிச் சூடாகிறது என்று யோசித்துப் பாருங்கள். உருளைகளின் மேல் நகர்ந்து நகர்ந்து, மேலும் கீழும் ஒரே அளவாகச் சூடேறி, அதே போல ஒழுங்காக ஆறி வெளியே வருகிறது. அதை எதுவும் பிடித்துக் கட்டி வைத்திருக்கவில்லை. விரிய நினைத்தால் விரியலாம், சுருங்க நினைத்தால் சுருங்கலாம்.

உங்கள் கணப்பில் நடப்பது வேறு. டைல்ஸின் மேல்முகத்தில் தணல். அடிமுகம் மலைக் குளிரில் ஜில்லென்று கிடக்கும் கான்கிரீட்டோடு ஒட்டியிருக்கிறது. மேல்முகம் விரிய வேண்டும் என்கிறது, அடிமுகம் விட மாட்டேன் என்கிறது. கொதிக்கிற பாலை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான். டைல்ஸ் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைவிட, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று ஏறும் சூட்டைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. விட்ரிஃபைட் டைல்ஸ் இறுக்கமான பொருள். அதற்குள் இடைவெளியே இல்லை. அதனால்தான் தண்ணீர் குடிக்காது, அதனால்தான் இந்த மாதிரிச் சூட்டில் வெடிக்கவும் செய்கிறது.

உள்தரையில் இருக்கும் டைல்ஸ் எல்லாவற்றையும், வெடிக்காமல் இருப்பவற்றையும் சேர்த்து, எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வெடிக்கும்போது சில்லு யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஃபயர் பிரிக், அதாவது தீ தாங்கும் செங்கல், போடுங்கள். கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம் என்பது வழக்கமான அளவு. 'ஐஎஸ் 8' என்று கேட்டால் அதிகச் சூடு தாங்கும் ரகத்தைத் தருவார்கள். 'ஐஎஸ் 6' அதற்கு ஒரு படி கீழே. வீட்டுக் கணப்புக்கு அதுவே போதும். ஆனால் நமக்குத் தேவையான கொஞ்சக் கல்லுக்கு விலை வித்தியாசம் பெரிதாக வராது, 8-ஐயே வாங்கிவிடுங்கள்.

அப்பா உள்தரைக் கல்லைக் கலவை போட்டு ஒட்டவே மாட்டார். மெல்லிய மணல் படுக்கை, அதன் மேல் கல்லை நெருக்கி நெருக்கி அடுக்குவது, இடுக்கில் ஃபயர் கிளே (தீ தாங்கும் களிமண்) பொடியைத் தூவிப் பெருக்கிவிடுவது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் நெம்பி எடுத்துப் புதுக்கல் வைத்துவிடலாம். நானும் இன்று வரை அப்படியே செய்கிறேன். பக்கச் சுவர்களுக்கு மட்டும் ஃபயர் கிளே கலவை வேண்டும். இணைப்பு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடிமனாகப் போட்டால் அந்தக் கலவைதான் முதலில் உதிரும்.

சாதாரண சிமெண்ட் கலவை போட்டால் என்ன என்று கொத்தனார் கேட்பார். சிமெண்ட் இறுகும்போது அதற்குள் சுண்ணாம்பும் உண்டாகிறது. 400, 500 டிகிரி சூடு பட்டால் அந்தச் சுண்ணாம்பிலிருக்கும் நீர் போய்ச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அடுத்த மழையில் சிம்னி வழியாக ஈரம் இறங்கினால் அது மறுபடி நீரை இழுத்துக்கொண்டு ஊதும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அது எப்படிப் பொங்கும் என்று தெரியும். இரண்டு குளிர்காலம் போனால் விரலால் நோண்டினாலே கலவை கொட்டும்.

கோத்தகிரி வாசகர்: "முன்தரையில் டைல்ஸ் இடுக்குகளை அடைக்க விலை உயர்ந்த எபாக்சி க்ரவுட் போட்டோம், கறை பிடிக்காது என்றார்கள். இப்போது கூட்டை ஒட்டிய முதல் வரிசையில் க்ரவுட் மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. போலியான சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?"

சரக்கு நல்லதாகவே இருந்திருக்கும். இடம்தான் தவறு. குளியலறை, சமையல் மேடை, ஆஸ்பத்திரித் தரை என்றால் எபாக்சிக்கு இணை எதுவும் இல்லை, நானே போடச் சொல்வேன். ஆனால் அது பிசின். அறைச் சூட்டில் இறுகும் பிசின்களில் பெரும்பாலானவை 60 முதல் 80 டிகிரிக்குள் இளக ஆரம்பித்துவிடும். கூட்டின் வாயை ஒட்டிய வரிசை, ராத்திரி முழுக்க விறகு எரிந்தால், சாதாரணமாக அந்தச் சூட்டைத் தொடும்.

கணப்பின் முன்தரைக்குச் சிமெண்டில் செய்த க்ரவுட்தான் வேண்டும். இணைப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மணல் கலந்த ரகம். வெள்ளை நிறம் எடுக்காதீர்கள், சாம்பலும் கரியும் முதல் வாரமே தெரியும். கருஞ்சாம்பல் நிறம் எடுங்கள். ஒயிட் சிமெண்டைக் குழைத்துத் தேய்த்துவிட்டுப் போகும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதையும் இங்கே செய்ய வேண்டாம். அது சுருங்கி, இணைப்பின் ஓரத்தில் மயிரிழைக் கோடு விட்டுவிடும். சாம்பல் அதற்குள் போய் உட்கார்ந்தால் கழுவினாலும் போகாது.

இளகிய எபாக்சியை ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டிச் சுரண்டி எடுக்கலாம். ஏற்கெனவே இளகும் பொருள் என்பதால் சுலபமாக வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முழு முன்தரையையும் மாற்றத் தேவையில்லை. கூட்டிலிருந்து முதல் ஒன்றரை அடிக்கு மாற்றினால் போதும்.

இன்னொன்று. உள்தரை முடிந்து முன்தரை தொடங்கும் அந்தக் கோட்டில் க்ரவுட்டே போடக் கூடாது. ஒரு பக்கம் ஃபயர் பிரிக், ஒரு பக்கம் டைல்ஸ். இரண்டும் விரிவது ஒரே அளவில்லை. அங்கே 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, செராமிக் ஃபைபர் கயிறு வைத்து அடையுங்கள். விறகு அடுப்புக் கதவுகளுக்கு வைக்கும் வெள்ளைக் கயிறு அது. முன்தரை சுவரைத் தொடும் ஓரங்களில் மட்டும், அதிகச் சூடு தாங்கும் சிலிக்கான் போடலாம். சிவப்பு நிறத்தில் வரும்.

கொடைக்கானல் வாசகர்: "வீடு கட்டியதில் மிச்சமான கடப்பாக்கல் நிறைய இருக்கிறது. கிரானைட் துண்டுகளும் இருக்கின்றன. அவற்றையே கணப்புக்குப் பயன்படுத்தலாமா?"

இதற்கு என் கையால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம். குன்னூரிலேயே ஒரு வீடு. வீட்டுக்காரர் சொன்னார் என்று கூட்டுக்குள்ளேயே கடப்பாக்கல்லைப் பதித்துக் கொடுத்தேன். கறுப்பு நிறம், கரி படிந்தாலும் தெரியாது, பார்க்க அழகாக இருந்தது. அப்பாவிடம் கேட்கவில்லை. முதல் வாரத்தில் ஒரு இரவு, கல்லின் மேல்தட்டு தட்டையாகப் பிளந்து, சில்லுகள் முன்னே தெறித்தன. ஒரு சில்லு பெரியவர் ஒருவரின் கம்பளியில் விழுந்து துளை போட்டது. அவர் கையில் கொப்புளம். நல்லவேளை, அதோடு போயிற்று. மறுநாள் காலையில் போய்க் கல்லை எல்லாம் எடுத்துவிட்டு என் செலவில் ஃபயர் பிரிக் போட்டேன். அந்தக் கொப்புளத்தை நான் மறக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால் காரணம் அதுதான்.

கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக்கல். அடுக்கு அடுக்காகப் படிந்த கல். அடுக்குகளுக்கு நடுவே ஈரம் இருக்கும். திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி அடுக்கைத் தூக்கிவிடுகிறது. அதையும் தாண்டி, சுண்ணாம்புக்கல்லைத் தீயில் போட்டால் வெந்து சுண்ணாம்பாகிவிடும் என்பது காளவாய் பார்த்தவர்களுக்குத் தெரியும். பளிங்குக்கும் இதே கதைதான்.

கிரானைட் கடினமான கல், ஆனால் அதற்குள் குவார்ட்ஸ் படிகங்கள் இருக்கின்றன. 573 டிகிரியில் அந்தப் படிகம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு சட்டென்று பெருக்கும். தணலுக்கு நேர் கீழே அந்தச் சூடு எளிதில் வரும். எனவே உள்தரைக்கு இரண்டுமே வேண்டாம்.

முன்தரைக்கு வேறு விதி. அங்கே இவ்வளவு சூடு வராது. கிரானைட்டைத் தாராளமாகப் போடுங்கள். பாலிஷ் போடாத, தீயில் பொரித்த முகமுள்ள கிரானைட் என்றால் இன்னும் நல்லது, வழுக்காது. கடப்பாவையும் போடலாம். ஆனால் கூட்டின் வாயிலிருந்து முதல் அரை அடிக்கு மட்டும் கிரானைட்டோ ஃபயர் பிரிக்கோ வைத்துவிட்டு, அதற்கப்பால் கடப்பாவைத் தொடங்குங்கள்.

எனக்குப் பிடித்த கல் எது என்று கேட்டால் மாக்கல்லைச் சொல்வேன். சேலத்துக் கல்சட்டி அந்தக் கல்லில் செய்ததுதான். பாட்டிமார் விறகடுப்பில் வற்றக்குழம்பு வைத்த அதே கல். சீராகச் சூடேறும், ஆறுவதும் மெதுவாக, பக்குவப்பட்டுவிட்டால் வெடிப்பதில்லை. மெத்தென்ற கல் என்பதால் கீறல் விழும், கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் மறைந்துவிடும். பலகையாக அறுத்துத் தருபவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

குன்னூர் வாசகி: "எங்கள் பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். கணப்பைச் சுற்றி ஆத்தங்குடி டைல்ஸ் போட வேண்டும் என்று ஆசை. முடியுமா அண்ணா?"

முடியும் அம்மா, ஆசையை விட வேண்டாம். கூட்டுக்குள் மட்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. உள்ளே போட்டால் மேலே சொன்ன சிமெண்ட் கதைதான் நடக்கும்.

முன்தரையிலும், கணப்பைச் சுற்றிய சுவர்ச் சட்டத்திலும் அழகாக இருக்கும். நான் இரண்டு வீட்டில் போட்டிருக்கிறேன், மாலையில் தீயின் வெளிச்சம் அந்தப் பூக்களின் மேல் விழுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது கறையை உறிஞ்சும். பதித்ததும் க்ரவுட் போடும் முன்பே, உள்ளே ஊறிப் போகும் வகை சீலர் ஒரு கை பூசுங்கள். இல்லாவிட்டால் க்ரவுட்டின் கறுப்பு பூவுக்குள் இறங்கிவிடும். பளபளப்பான படலம் போல மேலே நிற்கும் சீலர் வேண்டாம், சூட்டில் மஞ்சளாகி உரியும். இரண்டு, விழுந்த தணல் துண்டை உடனே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும், கிடந்தால் வண்ணம் போய்விடும். எனக்குச் சரி என்று படுவது இது: கூட்டை ஒட்டி ஒரு வரிசை கருங்கல், அதற்கு வெளியே ஆத்தங்குடி. ஆத்தங்குடிக் கல்லின் தடிமன் சாதாரண டைல்ஸைவிட அதிகம், கிட்டத்தட்ட முக்கால் அங்குலம். தளத்தின் மட்டத்தை அதற்கேற்ப முன்கூட்டியே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து டைல்ஸ் வேலை செய்யும் ஒரு தம்பி: "அண்ணா, பசைப் பையில் என்னென்னவோ எழுத்தும் எண்ணும் போட்டிருக்கிறது. முன்தரைக்கு எதை எடுப்பது? வாளியில் குழைத்தே வரும் பேஸ்ட் நல்லதா?"

தம்பி, கேட்டது ரொம்ப நல்லது. வேலை செய்கிறவர்கள் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம்.

முதலில் வாளிப் பேஸ்ட். அது காற்றுப் பட்டுக் காய வேண்டியது. அடியில் கான்கிரீட், மேலே தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் நடுவில் எப்படிக் காயும்? வாரக் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காய்ந்தாலும் சூட்டில் இளகும். சமையலறைச் சுவரில் சின்ன டைல்ஸ் ஒட்டுவதோடு அதை நிறுத்திக்கொள்.

பையில் பொடியாக வரும் சிமெண்ட் பசைதான் நமக்கு. நம் நாட்டுத் தர எண் ஐஎஸ் 15477. அதில் டைப் 1 முதல் டைப் 5 வரை உண்டு. டைப் 1 சாதாரண செராமிக் டைல்ஸுக்கு, அது வேண்டாம். டைப் 3 எடு. சில கம்பெனிப் பைகளில் ஐரோப்பியக் குறியும் இருக்கும்: சி2 என்றால் சிமெண்ட் பசையில் கூடுதல் பிடிப்புள்ளது, டி என்றால் வழுக்கி இறங்காது, இ என்றால் பரப்பிய பிறகு டைல்ஸ் வைக்கக் கூடுதல் நேரம். எஸ்1 என்ற எழுத்துத்தான் நீ தேட வேண்டியது. காய்ந்த பசைப் பட்டையை வளைத்துப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் உடையாமல் வளைந்தது என்று அர்த்தம். கணப்பின் முன் தரை தினமும் விரிந்து சுருங்கும் தரை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி ஏறினால் விட்ரிஃபைட் டைல்ஸ் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. விட்டுக்கொடுக்காத பசையை உரிக்க அது போதும். பையின் பின்பக்கம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், அதையும் படித்துவிட்டு வாங்கு. சில பைகளில் தரையைச் சூடாக்கும் முறைக்கும் ஏற்றது என்று எழுதியிருப்பார்கள், அதுவும் நல்ல அடையாளம்.

அடுத்து, ஒட்டும் விதம். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குகிற வழக்கத்தை இங்கே விட்டுவிடு. பல் கரண்டி 10 மில்லிமீட்டர், ஒரே திசையில் கோடு இழுத்துப் பரப்பு. டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சுத் தேய். வைத்த பிறகு ஒன்றைத் தூக்கிப் பார், முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருக்க வேண்டும். விறகுக் கட்டை கை நழுவி முன்தரையில் விழும் தம்பி, எந்த வீட்டிலும் விழும். அடியில் காலி இடம் இருந்தால் அந்த இடத்தில்தான் டைல்ஸ் உடையும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பார், டொக்கென்று வெறுமையாகச் சத்தம் வந்தால் கழற்றி மறுபடி ஒட்டு.

பழைய தரை சிவப்புக் காவிப் பூச்சாக இருந்தால் அதன் மேல் பசை பிடிக்காது. கொத்திப் போட்டு, தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டு அப்புறம் தொடங்கு. இடைவெளிக்காக வைத்த பிளாஸ்டிக் ஸ்பேசரை இணைப்புக்குள்ளேயே விட்டுவிட்டு க்ரவுட்டைத் தேய்க்காதே, எல்லாவற்றையும் எடுத்துவிடு.

கோயம்புத்தூர் வாசகர்: "ஊட்டியில் புது வீடு. கூட்டின் வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம். முன்தரை எவ்வளவு பெரிதாக வேண்டும், என்ன சாமான் எவ்வளவு வாங்குவது?"

அளவுக்கு நான் பின்பற்றுவது அமெரிக்க வீட்டுக் கட்டட விதியை. கூட்டின் வாய் 6 சதுர அடிக்குக் குறைவு என்றால் முன்தரை முன்னால் 16 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம். 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் முன்னால் 20, பக்கத்துக்கு 12. உங்களுடையது சரியாக 6 சதுர அடி. ஆகவே 5 அடி நீளம், 1 அடி 8 அங்குலம் ஆழம். நம் மலையில் எரிப்பது பெரும்பாலும் சீகை (வாட்டில்) விறகும் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும். தணல் வெடித்துத் தெறித்தால் தூரம் போகும். இடமிருந்தால் முன்னால் 2 அடியே வையுங்கள். அந்த எல்லைக்கு வெளியேதான் மரப்பலகைத் தரையும் கம்பளமும்.

டைல்ஸ் 600-க்கு 600 மில்லிமீட்டர் ஒரு பெட்டி, நாலு துண்டு, போதும். அவற்றை 300-க்கு 300 ஆக வெட்டிப் போடச் சொல்லுங்கள். இணைப்புகள் அதிகமானால் விரிவதற்கு வழி அதிகம், உடைந்தாலும் சின்னத் துண்டு போகும். மேட் முகம் வேண்டும். பளபளப்பான முகத்தில் சாம்பலைப் பெருக்கிப் பெருக்கியே கீறல் விழுந்துவிடும். விளிம்பைப் பாருங்கள்: மேலிருந்து அடி வரை ஒரே நிறமாக இருந்தால் மூலை தட்டினாலும் தெரியாது. சுவருக்கு விற்கும் செராமிக் டைல்ஸை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். அது 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், மேல்பூச்சில் சிலந்தி வலை போல வெடிப்பு வரும். விட்ரிஃபைட் என்றால் அரை சதவீதத்துக்குள். பசை 20 கிலோ ஒரு பை வாங்கினால் மிஞ்சும், க்ரவுட் 1 கிலோ. மிச்ச டைல்ஸைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

குன்னூர் வாசகர்: "கேஸ் கணப்பு வைக்கப் போகிறோம்..."

கம்பெனிக் கையேட்டில் தரைக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே விதி. மின்சாரத்தில் எரிவது போலக் காட்டும் வகை என்றால் எந்த டைல்ஸும் சரி.

ஊட்டி, விடுதி நடத்தும் இன்னொரு வாசகர்: "கிறிஸ்துமஸுக்கு விருந்தினர் வருகிறார்கள். இப்போது டைல்ஸ் பதித்து, 10 நாளில் தீ மூட்டலாமா?"

வேண்டாம். சிமெண்ட் பசையும் க்ரவுட்டும் முழுதாக இறுக 28 நாள் ஆகும், அதுவும் மிதமான வெப்பத்தில். ஊட்டி டிசம்பரில் இன்னும் மெதுவாகும். 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவில் ஈரப் பசை உறைந்தால் பிடிப்பே வராது. பையிலும் அதை எழுதியிருப்பார்கள். நடுவில் தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி டைல்ஸைத் தூக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அறையில் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் வைத்துச் சமாளியுங்கள். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் எடுத்துப் போகாதீர்கள், விருந்தினரையும் விடாதீர்கள். அந்தப் புகையில் வாசனைகூட வராமல் உயிர் போய்விடும்.

வேலைக்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். 28 நாள் கழித்து முதல் நாள் சுள்ளி மட்டும் அரை மணி நேரம். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக, ஒரு மணி நேரம். ஐந்தாம் நாள்தான் முழுக் கட்டை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்த பிறகும் முதல் இரண்டு நாள் இதே போலச் சின்னத் தீயாக எரியுங்கள். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து கொட்டும், ஃபயர் பிரிக் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும்.

க்ரவுட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். க்ரவுட்டை மாற்றுவதற்கு முன் கூரை மேல் ஏறி சிம்னியின் வாயைப் பாருங்கள். மூடி இல்லாமல் இருக்கும், அல்லது சிம்னி ஓட்டுக் கூரையைத் துளைத்து வரும் இடத்தில் தகரம் விட்டிருக்கும். மேலே அடைத்தால் கீழே நிற்கும்.

கோத்தகிரி வாசகி: "தாத்தா காலத்து வீடு. மரப்பலகைத் தரை. கணப்பின் முன் ஒரே பெரிய கறுப்புக் கல் பலகை இருக்கிறது, ஓரத்தில் ஒரு விரிசல். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார்."

மேஸ்திரியை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. இந்த மாதிரி வீடுகளில் அந்தக் கல்லைத் தாங்குவது மரமா, செங்கல்லா என்று முதலில் தெரிய வேண்டும். தரைக்கு அடியில் போக வழியிருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாகக் கட்டிய பங்களாக்களில் சுவரிலிருந்து மர உத்திரம் வரை அரை வளைவாகச் செங்கல் வளைவு கட்டி, அதன் மேல் கல்லை வைத்திருப்பார்கள். வளைவு உறுதியாக இருந்தால் கல்லுக்கு ஒன்றும் இல்லை. மரப்பலகையின் மேல் நேராகக் கல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பலகை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகியிருந்தால் டைல்ஸ் பற்றிய பேச்சே வேண்டாம். கல்லை எடுத்து, அடியில் கான்கிரீட் பலகை போட்ட பிறகுதான் மற்றது.

வளைவு நன்றாக இருந்தால் அந்தக் கல்லை மூடாதீர்கள். அதன் மேல் ஒட்டினால் முன்தரை முக்கால் அங்குலம் உயர்ந்து, இருட்டில் கால் தடுக்கும். விரிசல் இருக்கும் கல் அசைந்தால் மேலே ஒட்டிய டைல்ஸும் அதே கோட்டில் விரியும். விரிசலைப் பழைய பல் பிரஷால் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்து, கல்லின் நிறத்துக்குக் கொஞ்சம் கரித்தூள் சேர்த்து அழுத்தி அடைத்துவிடச் சொல்லுங்கள். மேலே ஈரத் துணி போட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், கரிக்கு அடியில் அந்தக் கல் எப்படி இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கலாம்.